பள்ளிப் பணியாளருக்கான தற்கொலைத் தடுப்புப் பயிற்சி: கோடியக்கரையை முன்வைத்து

தற்கொலைத் தடுப்பில் 'வாயில்காப்போர்' எனப்படுவோர் மருத்துவர் அல்லர். துயருற்றவரை நாள்தோறும் காணும் வாய்ப்புடையவராய், அவரிடம் நேரும் மாற்றத்தை உணர்ந்து, உரிய உதவியிடம் சேர்ப்போரே அப்பெயர் பெறுவர். பள்ளியில் இப்பணி பெரும்பாலும் ஆசிரியர்க்கே உரியதாகக் கருதப்படுகிறது. 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. 2023இல் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட 'உம்மீத்' வரைவு நெறிமுறைகள் பள்ளிதோறும் நலக்குழு அமைக்கப் பரிந்துரைக்கின்றன. அக்குழுவினர் எதற்குப் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்பதே இங்கு எழும் வினா.

பரவலாக வழங்கும் பயிற்சிமுறை மூன்று செயல்களைக் கற்பிக்கிறது. அவை வினவல், இணங்கச் செய்தல், ஆற்றுப்படுத்தல் என்பன. இறக்கும் எண்ணம் உண்டா எனக் கனிவுடன் நேராக வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றுவதில்லை. எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்களிப்பது தவறு. இறுதிச் செயலின் பெயரில்தான் குழப்பம் உள்ளது. ஆற்றுப்படுத்தல் என்பது பழந்தமிழில் வழிகாட்டி அனுப்புதலைக் குறிக்கும். ஈழத்தமிழில் இன்று அச்சொல் உளவள ஆலோசனையையே குறிக்கிறது. பள்ளிப் பணியாளர்க்குப் பொருந்துவது பழம்பொருளே. ஆலோசகரின் சுமையையும் ஆசிரியர்மேல் ஏற்றும் பயிற்சி இரண்டு பணிகளையும் கெடுக்கிறது.

ஆய்வுகள் இதற்கு அரண் செய்கின்றன. 10 ஐரோப்பிய நாடுகளின் 168 பள்ளிகளில் 11,110 மாணவரிடம் நிகழ்ந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஆசிரியருக்கு மட்டும் வாயில்காப்போர் பயிற்சி அளித்த பள்ளிகளில் தற்கொலை முயற்சி குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மாணவரே தம் உளநலம் குறித்து உரையாடியும் நடித்தும் பயின்ற பள்ளிகளில் குறைந்தது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நிகழ்ந்து 2018இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே பள்ளி நலத்திட்டத்தை அதற்கென அமர்த்தப்பட்ட ஆலோசகர் நடத்தியபோது பள்ளிச் சூழல் மேம்பட்டு உளச்சோர்வு குறைந்தது. ஆசிரியரே நடத்தியபோது அத்தகைய பயன் காணப்படவில்லை. அவ்வாலோசகரோ மருத்துவத் துறையினர் அல்லர். இவற்றைக்கொண்டு ஆசிரியரைக் குறைகூறுதல் தகாது. பாடம், தேர்வு, பதிவேடு ஆகியவற்றினிடையே அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதை நோக்க வேண்டும்.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் காடும் கடலும் உப்பளமும் சூழ்ந்த கோடியக்கரையில் இவ்வினா மேலும் கடினமாகிறது. அண்மை நகரமான வேதாரண்யமே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது. 2004 சுனாமியும் 2018 நவம்பரில் கரைகடந்த கஜா புயலும் இக்கடற்கரைக் குடும்பங்களின் வாழ்வாதாரத்தைக் குலைத்தவை. இத்தகைய ஊரில் வெளியூரிலிருந்து வந்து மாலையில் திரும்பும் ஆசிரியரைவிட, சத்துணவுச் சமையலரும் தூய்மைப் பணியாளரும் மாணவரின் வீட்டை நன்கறிவர். தட்டில் சோறு மிஞ்சுவதை முதலில் காண்பவர் சமையலரே. பயிற்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லாமை பெருங்குறை. மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'சினேகா' அமைப்பு, செவிமடுக்கும் பணியைப் பயிற்சி பெற்ற தன்னார்வலரைக் கொண்டே நடத்திவருகிறது.

சொன்னால் காவல்துறை வரும் என்னும் அச்சமும் பணியாளரைத் தடுக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்படுவார் என 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. பயிற்சியில் இதற்கு அரைமணி நேரமேனும் ஒதுக்கத் தகும்.

நாட்காட்டியும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகள் பெரும்பாலும் மே மாதத்தில் வெளியாகின்றன. பள்ளி அப்போது விடுமுறையில் இருப்பதால், காக்க வேண்டிய நாளில் வாயிலில் எவரும் இலர். ஆதலின் எந்த மாணவரை எவர் தொலைபேசியில் அழைப்பது, வீட்டிற்குச் செல்லக்கூடிய உள்ளூர்ப் பணியாளர் யார் என்பன ஏப்ரலிலேயே எழுதிவைக்கப்பட வேண்டும். அத்தாளிலேயே, அவ்வாண்டே எழுதத்தக்க துணைத்தேர்வின் விவரமும், நாள் முழுதும் இயங்கும் 14416, 104 ஆகிய உதவி எண்களும் இடம்பெற வேண்டும்.