தாத்தா பட்டாளத்துக்குப் போனாரா? பென்ஷன் காகிதத்தைக் கேளுங்க!

ஆபீஸ் கேன்டீனில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், ஒருத்தர் ஆரம்பிப்பார்... "எங்க தாத்தா மிலிட்டரி சார்! சுபேதார். பர்மாவுல ஜப்பான்காரனை ஓட ஓட விரட்டினவரு!"

அப்படியா? எந்த ரெஜிமென்ட்? எந்த வருஷம் சேர்ந்தார்? நம்பர் என்ன? கேட்டுப் பாருங்கள். பாதி வடையை வாயில் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் யாருக்கு சார் தெரியும்..." என்பார். பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவிவிடும்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. வீர வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை. ரொம்பச் சாதாரணமான, பழுப்பேறிய பென்ஷன் காகிதத்தில்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது எப்போதாவது நடக்கிற அதிசயம். மழை பெய்தால் மல்லியும் மிளகாயும் பருத்தியும். பொய்த்தால் கருவேலமுள்ளும் கரிமூட்டமும்தான். அந்தக் காலத்தில் மழை பொய்த்த வருஷம் இளவட்டங்களுக்கு இருந்த வழிகள் கொஞ்சம்: மலேயா, பர்மா, சிலோன்... இல்லாவிட்டால் பட்டாளம். மூணு வேளை சோறு, உடுக்கத் துணி, மாசம் பிறந்தால் வீட்டுக்கு மணியார்டர். தேசபக்தி, ராஜபக்தி எல்லாம் அப்புறம். முதலில் வயிறு!

அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்தார்கள். இன்றைக்கும் பல வீடுகளில் பரண் மேல் அது கிடக்கிறது. உள்ளே அப்பத்தாவின் பழைய சேலை, பித்தளைச் செம்பு, அடியில் ஒரு சின்னப் புத்தகம். அதுதான் டிஸ்சார்ஜ் புக். கூடவே பென்ஷன் புத்தகமும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பழைய பேப்பர்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியாகிவிட்டதா? கவலை வேண்டாம். அதற்கும் வழி உண்டு, வருகிறேன்.

அந்தப் பென்ஷன் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கும்? சர்க்காருக்கு எப்போதும் ஒரே பயம்தான். இவர் செத்துப்போய், இவர் பேரில் வேறு யாராவது வந்து பணத்தை வாங்கிப் போய்விட்டால்? அதனால் ஆளைத் துல்லியமாக எழுதி வைத்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, கிராமம், தாலுகா, ஜில்லா. உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம். அங்க அடையாளங்கள்: இடது புருவத்துக்கு மேல் தழும்பு, வலது தோளில் மச்சம். கடைசியில் இடது கைப் பெருவிரல் ரேகை.

யோசித்துப் பாருங்கள். போட்டோ எடுக்காத காலத்து மனிதர். அவருடைய புருவத் தழும்பைப் பற்றி உலகத்தில் எழுதி வைத்திருக்கிற ஒரே இடம் ஒரு கணக்கு ஆபீஸ் பாரம்! சந்தேகத்தினால் எழுதினது, எழுபது வருஷம் கழித்துப் பேரனுக்குச் சித்திரமாகக் கிடைக்கிறது.

வயசு விஷயத்தை மட்டும் நம்பாதீர்கள். சேரும்போது, "என்ன வயசு?" என்றால் அவர் என்ன சொல்வார்? "தாது வருஷப் பஞ்சத்துல எங்கய்யா கைக்குழந்தை, நான் அதுக்கப்புறம்..." என்று இழுத்திருப்பார். ஆளெடுக்க வந்தவர் மேலும் கீழும் பார்த்து 18 என்று போட்டிருப்பார். மீசை அரும்பாதவனுக்கும் 18தான், நரையை மழித்துவிட்டு வந்தவருக்கும் அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றுதான்.

சரி, எங்கே தேடுவது? அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் வேண்டியிருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758-லிருந்து கணக்குப் பார்க்கிற படை. ஆனால் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் துரைக்கு நம்ம ஆட்களைக் கண்டால் ஆகவில்லை. தெற்கத்திக்காரனிடம் பழைய போர்க்குணம் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவரே பிறகு இந்தியாவுக்கே தலைமைத் தளபதியானார், கேட்க வேண்டுமா? மெட்ராஸ் படைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. முதல் உலகப் போரில் மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று போய்ச் சண்டை போட்டு வந்த பிறகும், 1920-களின் கடைசிக்குள் மெட்ராஸ் காலாட்படையைக் கலைத்தார்கள். 1933-ல் மெட்ராஸ் பயனியர்ஸையும் கலைத்தாயிற்று. மிஞ்சியது சாப்பர்ஸ்தான். 'தம்பி' என்றால் இன்றைக்கும் பட்டாளத்தில் மெட்ராஸ் சாப்பர் என்றுதான் அர்த்தம்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதே வெள்ளைக்காரர் ஓடி வந்து, "வாப்பா தம்பி" என்று கூப்பிட்டார்! இந்திய ராணுவம் 25 லட்சம் பேருக்கு மேல் வீங்கியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர் பெற்றது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கேதான் நம்ம பேரன்கள் தடுக்கி விழுகிறார்கள். "தாத்தா மெட்ராஸ்காரர், அதனால் மெட்ராஸ் ரெஜிமென்ட்" என்று நேரே நீலகிரி வெலிங்டனுக்குக் கடிதம் போடுகிறார்கள். தாத்தாவோ லாரி டிரைவராக இருந்திருப்பார். அல்லது ஆஸ்பத்திரி உதவியாள், ரோடு போடுகிற பயனியர், பீரங்கிப்படை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆவண அலுவலகம் வேறு வேறு ஊரில். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், சாப்பர்ஸுக்கு பெங்களூர், பீரங்கிப்படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. முதலில் பிரிவு எது என்று தெரிய வேண்டும். பழைய போட்டோ இருந்தால் தோள்பட்டையில் உள்ள எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

மெடல் இருக்கிறதா? அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். நட்சத்திர மெடல் என்றால் பின்பக்கம். இரண்டாம் போரின் மெடல்களை வெள்ளைக்கார சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்திய சிப்பாய்களுக்கோ நம்பரும் பெயரும் பிரிவும் பொறித்துக் கொடுத்தார்கள். அந்த நம்பர் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் போரின் மெடல்களில் வெள்ளியில் செய்ததும் உண்டு. அதுதான் வினை! எத்தனை பேரன்களின் இடுப்பில் அது அரைஞாண் கொடியாக ஏறியதோ, ஆசாரிக்குத்தான் வெளிச்சம்.

பென்ஷன் வந்துகொண்டிருந்த வீடு என்றால், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவின் எண்ணைத் தேடுங்கள். ராணுவ பென்ஷனுக்குத் தலைமையிடம் அலகாபாத், இப்போது பிரயாக்ராஜ். எண்ணுக்கு முன்னால் உள்ள ஒரு எழுத்தே ஒரு கதை சொல்லும். 'எஸ்' என்றால் முழு சர்வீஸ் முடித்து வாங்கிய பென்ஷன். 'டி' என்றால் உடல் ஊனத்துக்கு. 'எஃப்' என்றால் குடும்பத்துக்கு. தாத்தா ஏன் லேசாக விந்தி விந்தி நடந்தார் என்று வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. 'டி' அதற்குப் பதில் சொல்லிவிடும்.

ஆனால் போருக்காக மட்டும் சேர்ந்து, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பென்ஷனே கிடையாது. கையில் கொஞ்சம் பணிக்கொடை, ஒரு ரயில் பாஸ், அவ்வளவுதான். பென்ஷன் இல்லாதவர் ஃபைலை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. பென்ஷன்காரர் ஃபைலுக்கு ஆயுள் 50 வருஷம். 1946-ல் வீட்டுக்கு வந்தவர் ஃபைல் 1971-லேயே சாம்பலாகியிருக்கலாம். "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வந்ததும் முக்கால்வாசிப் பேர் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் விடக்கூடாது!

ஃபைல் போனாலும், 'லாங் ரோல்' என்று ஒரு பெரிய பேரேடு உண்டு. அதை அழிப்பதில்லை. ஒரு ஆளுக்குச் சில வரிகள்தான். நம்பர், பெயர், சேர்ந்த தேதி, போன தேதி, போன காரணம். ஆகவே கடிதத்தில், "சர்வீஸ் ஃபைல் இல்லாவிட்டால் லாங் ரோலில் உள்ள விவரத்தின் நகல் தேவை" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் வாரிசு என்பதற்கு ஆதாரமும் இணைத்துவிடுங்கள். பதில் இல்லையென்றால் 2005-ம் வருஷத்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கவே இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. கேன்டீனில் ஒரு டீ விலை!

ஊர்ப் பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. விருதுநகர் மாவட்டம் என்று தேடினால் தாத்தா கிடைக்க மாட்டார். 1910-க்கு முன்னால் சேர்ந்தவர் என்றால் மதுரை ஜில்லா. 1910 முதல் 1985 வரை ராமநாதபுரம், அதாவது வெள்ளைக்காரர் எழுத்தில் 'ராம்நாட்'. 1985-ல் காமராஜர் மாவட்டம், 1997-ல்தான் விருதுநகர். பரளச்சியை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திருச்சுழியில் உள்ள 'ழி' வெள்ளைக்காரர் வாயில் என்ன பாடுபட்டிருக்கும்! முனியாண்டியை 'மூனியாண்டி' என்றும் 'மோனி அண்டி' என்றும் எழுதினால் இரண்டும் வேறு வேறு ஆள்தானே. எல்லா எழுத்துக்கூட்டலையும் கடிதத்திலேயே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

எழுத்தே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. அவர்களுடைய சுதந்திரப் போர் ஆவணங்கள் 1800-ல் தீயில் போய்விட்டன. 1832-ல் பென்ஷன் சட்டம் வந்தபோது கிழவர்களிடம் காகிதம் இல்லை. "சரி, கோர்ட்டுக்கு வந்து சத்தியம் செய்து, நடந்ததைச் சொல்லு" என்றார்கள். தலைவர் யார், எந்த ஊரில் சண்டை, எங்கே குளிரில் விறைத்தோம் என்று கிழவர்கள் சொல்லச் சொல்ல குமாஸ்தா எழுதினார். கல்யாணத்தை நிரூபிக்க விதவைகள் வீட்டு பைபிளின் முதல் பக்கத்தையே கிழித்துக் கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவை சுமார் 80 ஆயிரம் ஃபைல்கள். எழுதத் தெரியாத விவசாயிகளின் சரித்திரம் அந்த நாட்டுக்குக் கிடைத்ததே பென்ஷன் கொடுக்க சர்க்கார் காட்டிய தயக்கத்தால்தான்!

நம்ம பக்கத்தில் இதற்குச் சமமானது ஐ.என்.ஏ. பென்ஷன். ராமநாதபுரம் சீமையிலிருந்து மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போய், நேதாஜி கூப்பிட்டதும் துப்பாக்கி தூக்கியவர்கள் இருந்தார்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொடுத்தது. மாதம் 200 ரூபாய். ஆனால் ஆறு மாதம் சிறையில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். ரங்கூன் சிறைக் காகிதத்துக்கு எங்கே போவது? கூட இருந்த கைதி சாட்சிக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கூட்டாளி உயிரோடு இல்லாவிட்டால்? வருஷக்கணக்கில் மனு போட்டுச் சலித்தவர்கள் உண்டு. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி கேட்காதீர்கள் என்று 2001-ல் குர்தியால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ. அந்த மனுக்களில் அவர்கள் எழுதி வைத்த கதைகள் மாவட்டக் கட்டுகளில் தூங்குகின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஐ.என்.ஏ.வுக்குப் போனவர்களைப் போர் முடிந்ததும் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ரகம் பிரித்தார்கள். 'கறுப்பு' என்றால் சம்பளம் பறிமுதல், டிஸ்மிஸ். ஆகவே தாத்தாவின் லாங் ரோலில் 'நீக்கப்பட்டார்' என்று இருந்தால் அவசரப்பட்டுத் தலைகுனிய வேண்டாம். வருஷத்தைப் பாருங்கள். 1945, 46 என்றால் இன்னொரு ஃபைலையும் தேடுங்கள்.

'சுபேதார்' என்று நினைத்த தாத்தா, காகிதத்தில் 'சமையல்காரர்' என்றோ, 'தண்ணீர் சுமப்பவர்' என்றோ வருவதும் சகஜம். ஏமாற்றமாக இருக்குமாம் சிலருக்கு. எனக்கென்னவோ பஸ்ரா வெயிலில் துருத்தித் தண்ணீர் சுமந்தவரைவிடப் பெரிய ஆளாக எந்த சுபேதாரும் தெரியவில்லை.

திரும்பி வராதவர்களுக்கு வேறு கதவு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் தட்டிப் பார்க்கலாம். இரண்டாம் போரில் செத்தவர் என்றால் பல பதிவுகளில் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லாகூட இருக்கிறது. பர்மாவில் தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் சுமார் 27 ஆயிரம் பெயர்கள். முதல் போர் என்றால் நிலைமை வேறு. இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரண சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை என்று பல இடங்களில் நடந்ததை 2021-ல் அந்த ஆணையமே விசாரணை அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

"சரி சார், இதெல்லாம் தெரிந்து என்ன லாபம்?" என்று கேட்கிறவர்களுக்கு ரூபாய் அணா பைசாவிலும் பதில் உண்டு. தாத்தாவும் அப்பத்தாவும் போய்விட்டார்கள். வீட்டில் கணவரை இழந்த அத்தை ஒருத்தர், பெற்றவர்களை நம்பியே இருந்தவர், இப்போது அண்ணன் வீட்டுத் திண்ணையில். ராணுவக் குடும்ப பென்ஷன் அந்த அத்தைக்கும் வரலாம். 25 வயதுக்கு மேற்பட்ட விதவை மகளுக்குக் கிடையாது என்ற தடை 2004-ல் போய்விட்டது. தகப்பனாரோ தாயோ உயிரோடு இருக்கும்போதே அவர் கணவர் இறந்திருக்க வேண்டும், பெற்றோரைச் சார்ந்து இருந்திருக்க வேண்டும், சொந்த வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். முக்கியமாக, டிஸ்சார்ஜ் காகிதங்களில் அத்தையின் பெயர் மகள் என்று ஏறியிருக்க வேண்டும். பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லி ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம்.

அதற்குக் கையில் வேண்டியவை: தாத்தாவின் ஆர்மி நம்பர், பி.பி.ஓ. எண், தாத்தா, அப்பத்தா, மாமா மூவரின் இறப்புச் சான்றிதழ், அத்தையின் வருமானச் சான்றிதழ். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாத்தாவின் புருவத் தழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டால் அவர்தான் சரியாகச் சொல்வார்.