கவனப் பயிற்சியும் ஆக்கத் துணிவும்

கற்பிட்டியிலோ உடப்பிலோ ஒரு மாணவனிடம் சொந்தமாக ஒரு கதை எழுதச் சொன்னால், "எனக்கு வராது, சேர்" என்பதே பெரும்பாலும் நாம் கேட்கும் விடை. குறைவது திறமையன்று, தன்னால் புதிதாய் ஆக்க முடியும் என்னும் நம்பிக்கை. அல்பேர்ட் பண்டுரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாட்டிலிருந்து, 2002இல் டியர்னி, ஃபார்மர் என்னும் ஆய்வாளர்கள் இதனைத் தனியே வரையறுத்தனர்.

கவனப் பயிற்சி இங்கு எவ்வாறு உதவும்? எழும் எண்ணங்களைத் தீர்ப்பிடாது நோக்கப் பழகும் மாணவனுக்கு, 'பிறர் நகைப்பரோ' என்பதும் வந்து போகும் ஓர் எண்ணமே. 2012இல் லெய்டன் பல்கலைக்கழகத்தினர் நடத்திய சிறிய ஆய்வொன்றில், எண்ணங்களைத் தடையின்றி நோக்கும் தியானமே புதிய யோசனைகளைப் பெருக்கியது. ஒன்றில் மட்டும் மனம் குவிக்கும் தியானம் அவ்வாறு செய்யவில்லை.

பௌத்தத்தில் வேரூன்றிய இதனை எமது பெற்றோர் சிலர் ஐயுறலாம். ஜோன் கபட்-சின் 1979இல் அமெரிக்காவில் இதனைச் சமயச் சடங்கின்றியே நோயாளருக்குக் கற்பித்தார். தொழுகையில் உள்ளச்சம் பேணும் பிள்ளைக்கு மன ஓர்மை அந்நியமுமன்று.

ஆயினும் அமைதியாக அமர்வது மட்டும் போதாது. செய்து வென்ற அனுபவமே நம்பிக்கையின் வலிய ஊற்று என்றார் பண்டுரா. மாதிரி விடைகளை மனனம் செய்யும் வகுப்பில் அவ்வனுபவம் எங்கே? ஐந்து நிமிட அமைதியின் பின், களப்பைப் பற்றியோ உப்பளத்தைப் பற்றியோ, புள்ளியிடப்படாத ஒரு பக்கத்தைப் பிள்ளைகள் எழுதட்டும்.