விண்ணிலிருந்து மண்ணின் ஈரத்தை அளத்தல்: கரிசல் பூமியில் பிழை நேருமிடங்களும் அதைக் குறைக்கும் வழியும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை தாலுகாக்களில் மானாவாரிச் சாகுபடி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி நடைபெறுவதாகும். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் பருத்தி, மக்காச்சோளம், சோளம், உளுந்து முதலியவற்றை விதைக்கும் குடியானவர், நிலத்தில் எவ்வளவு ஈரம் இறங்கியிருக்கிறது என்பதை ஏர்முனையாலும் கைப்பிடி மண்ணாலும் அறிந்துகொள்வது வழக்கம். ஆனால் மழை எந்த அளவுக்குப் பொய்த்தது என்று சர்க்கார் தீர்மானிக்கும்பொழுது கைப்பிடி மண் சாட்சி சொல்ல வருவதில்லை. மத்திய சர்க்கார் 2016ஆம் வருஷம் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேட்டில், மழையளவு, பயிரின் பசுமை, நீர்நிலைகளின் இருப்பு ஆகியவற்றோடு மண்ணின் ஈரமும் ஓர் அளவுகோலாக வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வீரத்தை விண்ணிலிருந்து அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அக்கருவி கூறும் எண் எங்கே பிழைபடும் என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

இக்கருவிக்கு மைக்ரோவேவ் ரேடியோமீட்டர், அதாவது நுண்ணலைக் கதிர்மானி என்று பெயர். இது தானாக எவ்வித அலையையும் அனுப்புவதில்லை. பூமியிலுள்ள எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பத்தினால் மிக மெல்லிய அலைகளை வெளிவிடுகின்றன. கருவி அதனை ஏற்று அளக்கிறது. காய்ந்த மண் அதிகமாகவும், நனைந்த மண் குறைவாகவும் வெளிவிடும். அலையின் நீளம் சுமார் 21 சென்டிமீட்டராக இருப்பின் மேகம் அதை ஏறக்குறைய மறைப்பதேயில்லை. ஆகவே அடைமழை நாளிலும் கருவி வேலை செய்யும். நம் தேசத்தில் 1979 ஜூன் 7ஆம் தேதி ஏவப்பட்ட பாஸ்கரா செயற்கைக்கோளிலேயே இவ்வகைக் கருவி ஒன்று இருந்தது. அது கடல் மீதுள்ள நீராவி முதலியவற்றை அறியப் பயன்பட்டது. மண்ணின் ஈரத்துக்கென்று ஐரோப்பியர் 2009 நவம்பரில் ஸ்மாஸ் என்பதையும், அமெரிக்கர் 2015 ஜனவரியில் ஸ்மாப் என்பதையும் ஏவினர்.

கருவியின் திருத்தம் தராசின் திருத்தத்தைப் போன்றதே. விருதுநகர்க் கடைவீதியில் முத்திரையிட்ட படிக்கல் இல்லாத தராசை எவரும் நம்பமாட்டார்கள். கதிர்மானிக்கும் இரண்டு படிக்கற்கள் உண்டு. ஒன்று, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த ஒரு பொருள்; மற்றொன்று, 2.7 கெல்வின் அளவே வெப்பமுள்ள குளிர்ந்த ஆகாயம். இவ்விரண்டையும் அடிக்கடி நோக்கிக் கருவி தன்னைச் சரிபார்த்துக்கொள்ளுகிறது. இந்த ஏற்பாடு நன்றாகவே நடைபெறுகிறது. பெரும் பிழை நேர்வது கருவியில் அன்று, தரையில்தான்.

முதற் காரணம் பார்வையின் அகலம். ஸ்மாப் கருவியின் ஒரு பார்வை சுமார் 40 கிலோமீட்டர் விரிந்தது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் மூன்றும் ஒரே பார்வையில் அடங்கிவிடக்கூடும். கரிசல் புன்செய், கண்மாய், ஆயக்கட்டு நன்செய், சீமைக்கருவேலங் காடு, பாதுகாப்புக்காக இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட பட்டாசுத் தொழிற்சாலைகளின் வெற்றுத் தரை ஆகிய யாவும் ஒரே எண்ணாக வந்து நிற்கும். (வெடிமருந்து உலர வெயிலை வேண்டுவோரும் விதைப்புக்கு மழையை வேண்டுவோரும் ஒரே ஊரில் வாழும் பிரதேசம் இது; கருவிக்கு அவ்வேற்றுமை தெரியாது.) இவற்றுள் கண்மாய் நீரே பெருந்தொல்லை. காய்ந்த நிலம் சுமார் 270 கெல்வின் அளவாகவும் நீர்ப்பரப்பு சுமார் 100 கெல்வின் அளவாகவும் தோன்றும். ஒரு பார்வையில் 100க்கு 5 பங்கு நீர்ப்பரப்பு இருந்தால் மொத்த அளவு 8 கெல்வினுக்கு மேல் குறைந்துவிடும். வெற்று மண்ணில் ஈரம் 100க்கு 1 பங்கு கூடினால் ஏறக்குறைய 2 முதல் 3 கெல்வின் குறையும். எனவே கண்மாயைக் கணக்கிலிருந்து நீக்காவிடில், காய்ந்து கிடக்கும் புன்செய் 3 அல்லது 4 பங்கு அதிக ஈரமுள்ளதாகக் காணப்படும். ஸ்மாப் கருவிக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 4 பங்குதான்! கண்மாயில் நீர் நிற்கும் மார்கழியில், அதன் ஆயக்கட்டுக்கு அப்பாலுள்ள மானாவாரிக்காரர் இப்பிழையினால் நஷ்டமடையக் கூடும்.

இக்குறையை நீக்கவே ஸ்மாப் கோளில் நுட்பமாகப் பார்க்கும் ரேடார் ஒன்றும் வைக்கப்பட்டது. அது 2015 ஜூலையில் பழுதாயிற்று. பின்னர் ஐரோப்பிய ரேடார் கோளின் அளவுகளைச் சேர்த்துப் பார்வையைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் கோளும் இவ்வேலைக்கு உதவக் கூடியதே.

இரண்டாவது காரணம் மண்ணின் தன்மை. கரிசலின் களிமண் நீரின் ஒரு பகுதியை இறுகப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு பற்றப்பட்ட நீர் கருவிக்குச் சரிவரத் தெரிவதில்லை. மண்வரைபடத்தில் கரிசலைச் செவ்வல் என்று குறித்துவிட்டால் ஈரம் குறைவாகவே கணக்காகும். மேலும், 100க்கு 20 பங்கு ஈரமிருந்தும் கரிசலில் பயிர் வாடக்கூடும். ராஜபாளையம் பக்கத்துச் செவ்வல் மணலில் அதே ஈரத்தில் பயிர் செழிக்கும். வெறும் எண்ணை மாத்திரம் கொண்டு இரு நிலங்களையும் ஒப்பிடுவது தவறு. கருவி மேல் 5 சென்டிமீட்டர் மண்ணையே காண்கிறது என்பதையும் மறக்கலாகாது; பருத்தியின் வேர் அதற்கு வெகு ஆழத்தில் இருக்கிறது.

உழவு சாலும் அடர்ந்த கருவேலும் நிலத்தை உள்ளதைவிடக் காய்ந்ததாகக் காட்டும். சில நாடுகளில் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பக் கூடாதென்ற சர்வதேச விதியை மீறிய நிலையங்களால் ஸ்மாஸ் கருவி கெடுதியடைந்தது. அந்தந்த நாட்டு அதிகாரிகளிடம் முறையிட்டுப் பல நிலையங்கள் நிறுத்தப்பட்டன.

இப்பிழைகளைக் கண்டு திருத்துவதற்கு வயலில் எடுத்த மண்ணைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. ஸ்மாப் காலை 6 மணியளவில் கடக்கிறது. அந்நேரத்தில் மண்ணும் பயிரும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருப்பதால் அவ்வளவே நம்பத் தக்கது. ஆதலால் மாதிரியும் விடியற்காலையில் எடுக்கப்பட வேண்டும். 5 சென்டிமீட்டர் உயரமும் 100 கன சென்டிமீட்டர் கொள்ளளவுமுள்ள இரும்பு வளையத்தை மண்ணில் அழுத்தி, மண்ணை எடுத்து நிறுத்து, 105 பாகை செல்சியஸ் வெப்ப அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். ஈரமண் 150 கிராமும் உலர்ந்த மண் 130 கிராமும் இருந்தால் ஈரம் 100க்கு 20 பங்கு. ஒரு வயலில் எடுத்த மாதிரி 40 கிலோமீட்டருக்குச் சாட்சியாகாது. கரிசல், செவ்வல், ஆயக்கட்டு, தரிசு ஆகியவற்றில் தனித்தனியே எடுப்பது அவசியம். மடை ஓரத்து வயலையோ சாலையோர வயலையோ சௌகரியம் கருதித் தேர்ந்தெடுப்பது கணக்கைக் கெடுக்கும்.

கிராம அதிகாரிகள் எழுதும் அடங்கலும் இதே காரியத்துக்கு உதவுகிறது. கண்மாயில் நீர் பரவியுள்ள அளவு, விதைத்த தேதி, தரிசாக விடப்பட்ட சர்வே எண்கள், காலை 8.30 மணிக்கு எடுத்த மழைமானி அளவு ஆகியவை அன்றன்று எழுதப்பட்டால், கண்மாய் நீரையும் பயிரையும் கணக்கிலிருந்து பிரித்தெடுக்க வழியுண்டு. மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதிய பதிவு எதற்கும் உதவாது. 2016ஆம் வருஷம் வடகிழக்குப் பருவமழை 100க்கு 62 பங்கு குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய வருஷத்தில் நுட்பக் கருவி தேவையில்லை. எவருக்கும் கண்ணால் தெரியும். ஒரு பிர்க்காவில் மழை பெய்து அடுத்த பிர்க்கா காய்ந்த வருஷத்தில்தான் 4 பங்குப் பிழை வழக்காக முடியும்.

வளையத்திலிருந்து எடுத்த மண்ணை உடனே மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு, வயலின் சர்வே எண்ணையும் நேரத்தையும் மேலே எழுதி, நிறுக்கும் வரை நிழலில் வைக்க வேண்டும். சிவகாசி வெயிலில் அரை மணி நேரம் திறந்து கிடந்த மண்ணை நிறுப்பதில் பயனில்லை.