ஒரே வீட்டுக்குப் போகும் வருமானம்

கல்லாற்றைக் கடந்து இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சேரும் பொன்முடியின் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்களில், மாலைப்பொழுதில் தாய் விஜய் டிவி வேண்டுமென்றும் மகள் ஏஷியாநெட் வேண்டுமென்றும் பூசலிட்டுக்கொண்டால், யார் ஜயித்தாலும் விளம்பர வருமானம் இன்று ஒரே வீட்டுக்குத்தான் போய்ச் சேருகிறது.

ஏஷியாநெட் அப்படிப் பிறந்ததன்று. தனியார் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சி அனுப்ப அனுமதியில்லாத 1993-ஆம் ஆண்டில், பத்திரிகையாளரான சசிகுமார், அயல்நாட்டு நிலையமொன்றின் துணையோடு, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அதைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் தனியார் செயற்கைக்கோள் அலைவரிசை அதுவே. 2008-இல் ஊடக அதிபர் மர்டாக்கின் ஸ்டார் ஸ்தாபனம் அதில் பெரும்பங்கை வாங்கிற்று. 2019-இல் ஸ்டாரே டிஸ்னியின் வசமாயிற்று. 2024 நவம்பர் 14-ஆம் தேதி, ஸ்டாரும் ரிலையன்ஸின் ஊடக நிறுவனமும் இணைந்து 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள ஜியோஸ்டார் உருவானபோது, 36.84 சதவீதப் பங்கை மட்டும் டிஸ்னி வைத்துக்கொள்ள, ஆதிக்கம் ரிலையன்ஸிடம் சேர்ந்தது. விஜய் டிவியும் இவ்வழியே போயிற்று. அதற்குப் போட்டியாக 2018-இல் வந்த கலர்ஸ் தமிழும் இப்போது அதே குடும்பத்தில் இருக்கிறது. பார்ப்பவரின் கைப்பேசிக்கு இணையம் தரும் ஜியோவும், நியூஸ்18 கேரளம் என்ற செய்தி அலைவரிசையும்கூட ரிலையன்ஸுக்கே உரியவை. திரையில் தோன்றும் முகமும் மொழியும் மாறாதிருக்க, தீர்மானம் செய்யும் இடம் மட்டும் கடல் கடந்தும் திரும்பியும் இடம்பெயர்ந்ததைப் பார்ப்பவருக்கு அறிவிக்கும் கடமை எவருக்கும் இருந்ததில்லை. இதுவே எனக்குப் பெரும் விசாரமளிக்கும் விஷயம்.

ஏஷியாநெட் நியூஸ் மட்டும் தனியே நின்றது. செய்தி அலைவரிசையில் அந்நிய முதலீட்டுக்கு அப்போது 26 சதவீத வரம்பிருந்தமையால் அது ஸ்டாருக்குப் போகவில்லை. அதன் உடைமை, 2024 தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராக நின்ற ராஜீவ் சந்திரசேகர் நிறுவிய குழுமத்தைச் சார்ந்தது. பெருமுதலாளியிடமிருந்து தப்பினால் அரசியல் தலைவரிடம் என்ற நிலை, செய்தியை நம்பியிருக்கும் பிரஜைக்கு க்ஷேமகரமானதென்று நான் எண்ணவில்லை.

உடைமையாளர் வேறு விதமாகவும் இருக்கலாம். திருவனந்தபுரம் ஜில்லாவைச் சேர்ந்த வக்கம் மௌலவி, தாம் 1905-இல் தொடங்கிய 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பைப் பின்னர் ராமகிருஷ்ண பிள்ளையிடம் ஒப்படைத்து, அவர் பேனாவில் தலையிடாதிருந்தார். திருவிதாங்கூர் திவானைக் கண்டித்தெழுதியதற்காக 1910-இல் பிள்ளை நாடுகடத்தப்பட்டபோது, மௌலவியின் அச்சகமும் பறிமுதலாயிற்று. உடைமைக்கும் அபிப்பிராய சுதந்திரத்துக்கும் பகைமை இருந்தே தீரவேண்டுமென்பதில்லை என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அத்தகைய உத்தமர் வாய்ப்பாரென்று நம்பிச் சட்டத்தைச் சும்மா விட்டுவிட முடியுமா?

வான் அலைகள் பொதுச் சொத்து என்றும், அரசாயினும் தனியாராயினும் அவற்றில் ஏகபோகம் ஆகாதென்றும் 1995-இல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஒரே கையில் குவிவதற்கு வரம்பு கட்டவும், அரசியல் கட்சிகளை ஒளிபரப்பிலிருந்து விலக்கவும் 2014 ஆகஸ்டில் சிபாரிசு செய்தது. பத்தாண்டுகள் கழிந்து ஜியோஸ்டார் இணைப்பைப் பரிசீலித்த போட்டி ஆணையத்தின் முன், கிரிக்கெட் விளம்பரக் கட்டணம் ஒரு பிரச்னையாக வந்தது. ஒரு வீட்டார் எத்தனை அலைவரிசை வைத்திருக்கலாம் என்பதற்கோ, அந்தச் சிபாரிசுகள் சட்டமாகாமையால், அதன் கையில் அளவுகோல் எதுவும் இருக்கவில்லை.