கோடைக் குளத்து மீனுக்கு மூலிகைத் தீவனம்

மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. நீர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீனின் உடலில் நடக்கும் வேதிவினைகள் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் பிடிக்கும். ஆக்சிஜன் தேவையும் அதற்கேற்பக் கூடும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். ஆற்று மீன் குளிர்ந்த மடுவைத் தேடிப் போகலாம். ஆழமில்லாத பண்ணைக் குளத்தில் வளரும் ரோகுவுக்கும் கட்லாவுக்கும் அந்த வழி இல்லை.

இதனால் வருவதே வெப்ப அயர்ச்சி. சூடு தாக்கியதும் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது; ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அவசரத்துக்கு உதவும் இந்த ஏற்பாடு நாள்கணக்கில் நீடித்தால் மீன் இரை எடுக்காது, வளராது, நோய்க்கு எளிதில் இரையாகும். செல்களுக்குள் புரதங்கள் உருக்குலையும். அவற்றைச் செப்பனிட எச்.எஸ்.பி.70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செல்கள் கூடுதலாகத் தயாரிக்கின்றன.

மீன் எவ்வளவு சூடு தாங்கும் என்பதை அளந்து பார்த்த இடங்களுள் மும்பை வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும் ஒன்று. 1961இல் தொடங்கிய இந்த நிறுவனம் 1989 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. சோதனை முறை எளியது. குறிப்பிட்ட வெப்பநிலையில் பழக்கிய மீன்களைத் தொட்டியில் விட்டு, நீரைச் சீரான வேகத்தில் சூடாக்குவார்கள். மீன் நிலை தடுமாறிப் பக்கவாட்டில் சாயும் கணத்தில் வெப்பமானி காட்டும் அளவே அதன் தாங்கும் உச்சம். உடனே மீனைப் பழைய சூட்டு நீருக்கு மாற்றிவிடுவார்கள். ரோகு, கட்லா உள்ளிட்ட இந்தியப் பெருங்கெண்டைகளை நான்கு வெப்பநிலைகளில் பழக்கிச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. பழகிய சூடு கூடக்கூட, தாங்கும் உச்சமும் உயர்வதை அது காட்டியது.

இந்தத் தாங்கும் சக்தியைத் தீவனத்தின் வழியாகவும் கூட்ட முடியுமா என்பதே அடுத்த கேள்வி. பெரும்பாலான மீன்களின் உடல் வைட்டமின் சி தயாரிக்காது; தீவனத்தில்தான் கிடைக்க வேண்டும். நெல்லிக்காயில் அது மிகுதி. மஞ்சளில் உள்ள குர்குமின், பூண்டின் கந்தகச் சேர்மங்கள், முருங்கை இலையின் பாலிபீனால்கள் ஆகியவை ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தடுக்கும் தன்மை உள்ளவை. ரேவல்சின்னி இனத்துக் கிழங்கில் உள்ள எமோடின் என்ற சேர்மத்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது, வூசாங் பிரீம் என்னும் சீனக் கெண்டையின வளர்ப்பு மீனின் வெப்பம் தாங்கும் திறன் கூடியதைச் சீன ஆய்வு ஒன்று 2012இல் காட்டியது.

செய்முறையில் கவனம் தேவை. முருங்கை போன்றவற்றின் இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்து, தவிடு, புண்ணாக்கு, மீன்தூள் கலவையில் சேர்த்துப் பிசைந்து குருணையாகப் பிழிவார்கள். பிடிமானம் போதாத குருணை நீரில் விழுந்ததும் கரையும். மீன் வாய் வைப்பதற்குள் சத்து நீரோடு போய்விடும். சூட்டில் கெடும் பொருள்களை எண்ணெயில் கலந்து, ஆறிய குருணையின் மேல் பூசுவது நல்லது. அளவும் முக்கியம். முருங்கை இலையில் சப்போனின், டானின் போன்றவையும் இருப்பதால், மிகுந்தால் செரிமானம் கெட்டு வளர்ச்சி குன்றும்.

காலமும் பார்க்க வேண்டும். அயர்ச்சி கண்ட மீன் தீவனத்தையே தொடாது. எனவே கோடை உச்சத்துக்குச் சில வாரம் முன்பே தொடங்க வேண்டும். மூலிகை நீரைக் குளிர்விக்காது, ஆக்சிஜனையும் கூட்டாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தால், தீவனத்தை நிறுத்திவிட்டு ஏரேட்டரை ஓட்டுவதும் புதுத் தண்ணீர் பாய்ச்சுவதுமே உடனடி மருந்து.