'காம்போ' வாங்கப் போறீங்களா? முதல்ல கணக்குப் போடுங்க!



நம்ம டிப்ளமோ படிப்பில் கம்ப்யூட்டர் தேவைப்படாத பிரிவே இப்போது இல்லை. சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஆட்டோகேட். எங்க பிரிவுக்கு சி, பைத்தான். லேபில் கிடைப்பதோ வாரத்துக்குச் சில மணி நேரம். மீதிப் பழக்கம் வீட்டில்தான் வரணும். ஆனால் நம்மில் பலர் வீட்டில் இருப்பது யாரோ கொடுத்த பழைய பெட்டி. ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை வராத ரகம்! புதுசு வாங்க வசதி இல்லை. கடையில் போய்க் கேட்டால், "ஒரு காம்போ போட்டுக்க தம்பி, புதுசு மாதிரி ஓடும்" என்கிறார்கள். இந்தக் காம்போ என்பது என்ன, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். தாத்தாவும் பாட்டியும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968இல் தொடங்கியதுதான் இன்றைய டேன்டீ. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பார்கள். எங்க வீட்டில் எந்தச் செலவையும் ரூபாயில் பேச மாட்டார்கள், "அது எத்தனை பேருக்கு ஆகும்?" என்றுதான் கேட்பார்கள். கடை விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால் நானும் இந்தக் கட்டுரையில் 'பேர்' கணக்கிலேயே சொல்கிறேன்.

காம்போ என்றால் என்ன?

மதர்போர்டும் ப்ராசஸரும் சேர்ந்த ஜோடிதான் காம்போ. சில கடைகளில் ராமும் ஃபேனும் சேர்த்துத் தருவார்கள். ஜோடியாக விற்கக் காரணம், எந்த ப்ராசஸரும் எந்த போர்டிலும் உட்காராது. ப்ராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். இன்டெல் கம்பெனி சாக்கெட்டை அடிக்கடி மாற்றும். 2011இல் எல்ஜிஏ 1155, 2013இல் 1150, 2015இல் 1151, 2020இல் 1200, 2021இல் 1700. ஏஎம்டி கம்பெனி ரைசன் ப்ராசஸர்களுக்கு 2017 முதல் ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட்டைப் பல வருடம் வைத்திருந்தது. 2022இல் ஏஎம்5 வந்தது. ஜோடியாக வாங்கினால் இந்தப் பொருத்தத்தைக் கடைக்காரரே பார்த்துவிடுவார்.

சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு போன்ற இடங்களில் காம்போ மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. பெரிய கம்பெனிகள் சில வருடத்துக்கு ஒருமுறை ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழித்துவிடும். அதிலிருந்து ப்ராசஸர்களைக் கழற்றி விற்கிறார்கள். ப்ராசஸர் சுலபத்தில் கெடுகிற பொருள் அல்ல, போர்டுதான் முதலில் போகும். ஆகவே பழைய ப்ராசஸருக்கு எச்61 போன்ற பழைய மாதிரி போர்டைப் புதிதாகத் தயாரித்து ஜோடி சேர்க்கிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. 'புதுசு' என்று கடையில் சொல்வது போர்டை மட்டும்தான் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சுமைகூலி எவ்வளவு?

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். காம்போவுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. அட்டையில் எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பழைய பெட்டியிலிருந்து எதையெல்லாம் அப்படியே எடுத்துப் போட முடிகிறதோ, அதை வைத்துத்தான் காம்போ மலிவா இல்லையா என்று சொல்ல முடியும். பார்க்க வேண்டியவை ஐந்து.

1. ராம்: டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகைகள். ஒவ்வொன்றிலும் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், மாற்றிப் போட முடியாது. எச்61, எச்81 போர்டுகளுக்கு டிடிஆர்3. ஏஎம்4 போர்டுகளுக்கு டிடிஆர்4. ஏஎம்5க்கு டிடிஆர்5 மட்டும்தான்.

2. எஸ்.எம்.பி.எஸ்.: போர்டுக்கு 24 முனை ஒயர், ப்ராசஸருக்குத் தனியாக 4 அல்லது 8 முனை ஒயர் வேண்டும். பத்து வருடம் ஓடிய மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புது போர்டில் மாட்டுவது, ஓட்டைக் குடத்தில் பால் ஊற்றுவது மாதிரி.

3. கேபினெட்: கடையில் அசெம்பிள் செய்த பெட்டி என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. டெல், எச்பி ஆபீஸ் மாடல்களில் பலவற்றில் பவர் முனையும் திருகு ஓட்டைகளும் அவர்களுக்கே உரிய மாதிரி இருக்கும். வெளி போர்டு பொருந்தாது.

4. மானிட்டர்: பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், போர்டிலும் விஜிஏ இருக்கிறதா என்று பாருங்கள்.

5. திரைக்குப் படம் தரும் வசதி: இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த ப்ராசஸரில் கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்4 ரைசனில் 'ஜி' இருந்தால்தான் உண்டு. இது தெரியாமல் வாங்கினால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

இப்போது இரண்டு கணக்குப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, நீங்கள் விசாரித்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் வீட்டில் இருப்பது டிடிஆர்2 காலத்துப் பெட்டி. காம்போ 12 பேர். ராம் புதிதாக 6 பேர். எஸ்.எம்.பி.எஸ். 4 பேர். எஸ்எஸ்டி 5 பேர். ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர். போய்வர பஸ் செலவும் போன நாளும் சேர்த்து 2 பேர். ஆக மொத்தம் 29 பேர். அதே ஊரில் கம்பெனி கழித்த முழு ஆபீஸ் கம்ப்யூட்டர் 26 பேருக்குக் கிடைத்தால், பஸ் செலவு சேர்த்தும் 28தான். இவர் காம்போ வாங்கக் கூடாது.

இன்னொருவரிடம் டிடிஆர்4 ராம், எஸ்எஸ்டி, நல்ல எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் இருக்கிறது, போர்டு மட்டும் போய்விட்டது. காம்போ 20 பேர், பயணம் 2 பேர், மொத்தம் 22. புதுக் கம்ப்யூட்டர் 70 பேர். இவருக்கு காம்போ உண்மையிலேயே லாபம்.

முதல் காம்போ 12, இரண்டாவது 20. விலை குறைந்த காம்போதான் நஷ்டத்தில் முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதில் ராம் இன்னொரு விதத்திலும் முக்கியம். 2025 கடைசியில் உலகம் முழுக்க ராம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய சர்வர்களுக்கு மெமரி கம்பெனிகள் தங்கள் உற்பத்தியைத் திருப்பியதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே உங்களிடம் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் அதற்கு ஒத்துவரும் போர்டைத் தேடுங்கள். ராமைப் பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஐ7 என்றால் உசத்தியா?

"ஐ7 காம்போ, விலையோ கம்மி" என்று சொன்னால் மயங்க வேண்டாம். எண்ணை முழுசாகப் படிக்கணும். ஐ7-2600 என்பதில் 2 என்பது இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ3-12100 என்பதில் 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒரே நேரத்தில் அந்தப் புது ஐ3 செய்யும் வேலை மிக அதிகம், மின்சாரமும் குறைவு.

தலைமுறையைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்கணும். ரைசன் 3 3200ஜி, ரைசன் 5 5600ஜி இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டாம், மூன்றாம் தலைமுறை காம்போ பட்டியலில் வராது. அதற்காக அது குப்பை என்று சொல்லவில்லை. லினக்ஸ் போட்டு சி, பைத்தான் பழக அது தாராளமாகப் போதும். ஆட்டோகேட் வேண்டுமென்றால் விண்டோஸ் தேவை. எனவே எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

காம்போவே தேவையில்லாமல் போகலாம்!

பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த டிஸ்க்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, ப்ராசஸர் 20, 30இல் சும்மா இருந்தால், ஒரு சாட்டா எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ப்ராசஸர்தான் 100இல் நிற்கிறது என்றால், அதே சாக்கெட்டில் பெரிய ப்ராசஸர் போட முடியுமா என்று போர்டு கம்பெனியின் பட்டியலில் பார்க்கலாம். ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். பயாஸை மட்டும் முதலில் புதுப்பித்துக்கொள்ளணும்.

கடையில் கேட்க வேண்டியவை

மலைமேல் இருக்கும் நமக்கு வாரண்டி என்பது கீழே இருப்பவர்களுக்கு இருப்பது போல் அல்ல. ஒவ்வொரு தடவை இறங்கி ஏறுவதும் ஒரு பேர் நஷ்டம். அதனால் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ராமைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி முனையும், நெட்வொர்க் முனையும் வேலை செய்யணும். அரை மணி நேரமாவது ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்கள். கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கக் கூடாது. இன்டெல் சாக்கெட்டில் ஊசி வளைந்திருக்கக் கூடாது. சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்குங்கள். வாரண்டி போர்டுக்கு எவ்வளவு, ப்ராசஸருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டும் முன் உங்கள் ஃபைல்களை பென் டிரைவில் எடுத்துவையுங்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது. போர்டை மாற்றினால் அது செல்லாமல் போகலாம்.

நம்ம மலைக்கு மட்டும் சில குறிப்புகள்

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்! டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காற்று காய்ந்திருக்கும். கம்பளியும் உடம்பும் உரசினால் நிலைமின்சாரம் சேரும். 'சுரீர்' என்று நமக்குத் தெரியவே சுமார் 3000 வோல்ட் வேண்டும். ஆனால் சிப் கெட்டுப்போகச் சில நூறு வோல்ட் போதும். கேபினெட்டின் வெறும் இரும்பை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பனியில் கொண்டுவந்த போர்டை அடுப்பு எரியும் வீட்டுக்குள் வந்ததும் உடனே பிரிக்காதீர்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவது போல் அதன்மேலும் ஈரம் படியும். கவரோடு ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள். லைன் வீடுகளில் அடுப்புப் புகை ஃபேனில் கரியாக ஒட்டும். கம்ப்யூட்டரை அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை குறைவு. நல்ல வேளையாக நம்ம குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. ஆனாலும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போடுங்கள். ஏஎம்4இல் பழைய ஃபேனைக் கழற்றும்போது முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மின்சாரத்தை அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள். குளிரில் இறுகிய பேஸ்ட் ப்ராசஸரையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் ஜூலைக் காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் எங்க லைனில் கரண்ட் போய்விடும். ஒழுங்கான எர்த்தும், முடிந்தால் ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் இருந்தால் போட்ட காசு நிலைக்கும். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கழற்றிய பழைய போர்டைத் தேயிலைச் செடிக்கு நடுவே எறிய வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள், அல்லது ஜூனியர்கள் கழற்றிப் பழக லேபில் கேட்டுக் கொடுங்கள்.

நண்பர்களே, நம்ம வீடுகளில் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ மழையில் நனைந்து சம்பாதித்தது. "உனக்குத்தான் அதெல்லாம் தெரியும், நீயே பார்த்து வாங்கிக்கோ" என்று நம்பிப் பணத்தை நம்ம கையில் கொடுக்கிறார்கள். கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இருப்பது என்ன, வேண்டியது என்ன, மொத்தம் எத்தனை பேர் என்று எழுதி அவர்களிடம் காட்டுங்கள். படிக்காதவர்களுக்கும் அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.



— இரண்டாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு