கோடைக் கண்மாயும் ஊத்தாவும்

பாண்டி நாட்டார் ஏரியைக் கண்மாய் என வழங்குவர். மாரியில் பெருகிய கண்மாய் சித்திரை, வைகாசியில் வற்றி, மடையை ஒட்டிய பள்ளங்களில் மட்டும் நீர் தேங்கி நிற்கும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறுவது இப்பருவத்திலேயே. ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருப்போர் சாதி சமய வேறுபாடின்றி ஒருசேர நீரில் இறங்குவர்.

கலங்கிய நீரில் மீன் இருக்குமிடத்தை எங்ஙனம் அறிவது? நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. 20 பாகை செல்சியசில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே. இரவில் பாசிகளும் அதனை உட்கொள்வதால், விடியற்காலையில் கெண்டைகள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து திணறும். வெயில் ஏறியபின் அவை பள்ளத்தையும் இலை நிழலையும் நாடும்.

விராலின் இயல்பு வேறு. இலக்கியத்தில் வரால் என வருவதும் இதுவே. வெளிக்காற்றை நேரே சுவாசிக்க வல்லதாதலின், பிற மீன்கள் மடியும் சேற்று நீரிலும் அது வாழும். நீர் அற்றால் ஈரச் சேற்றுள் புதைந்து கிடக்கும். ஆயினும் காற்றுக்காக அடிக்கடி மேலே வந்தே ஆகவேண்டும். அதன் உயிரைக் காப்பதே அதனைக் காட்டிக்கொடுக்கிறது. நீர்ப்பரப்பில் ஒரு சுழிப்பு, சில குமிழிகள். அங்கே ஊத்தா இறங்கும்.

ஊத்தா என்பது மூங்கில் சிம்புகளால் முடைந்த கூடை. அடி அகன்று, மேல்வாய் குறுகி, இருபுறமும் திறந்திருக்கும். முழங்கால் நீரில் நடந்தவாறே அதனைச் சேற்றில் அழுத்துவர். உள்ளே மீன் சிக்கினால் அது மோதும் அதிர்வைப் பிடித்த கை உணரும். பின் மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பர். கெளுத்தியாயின் அதன் முள் குத்துமாதலின் எச்சரிக்கை வேண்டும். சிறு குஞ்சுகள் சிம்பு இடைவெளியில் தப்பிவிடும்.

இன்று கொசுவலையும் உடன் இறங்குகிறது. அதில் எதுவும் தப்புவதில்லை. இதனினும் நமக்குக் கவலை தருவது, எஞ்சிய பள்ளத்து நீரையும் மோட்டாரால் இறைத்துவிடும் வழக்கம். சேற்றில் எஞ்சும் சில விரால்களே மழை பெய்ததும் இனம் பெருக்கி, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரிவன. இறைத்துத் துடைத்த கண்மாயில் மறுமாரிக்குக் கட்லா, ரோகு குஞ்சுகளை விலைக்கு வாங்கி விடுகின்றனர். விரால், வாய்க்கால் வழியே வந்தால்தான் உண்டு.